குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று யார் சொன்னது?

நம் வீடுகளில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் முதலில் நடப்பது குரல் தாழ்வதுதான். "மெதுவா பேசு, பிள்ளைங்க காதுல விழப் போகுது" என்று யாராவது சொல்வார்கள். கதவு சாத்தப்படும். வியாதியே அந்தப் பிள்ளைக்குத்தான் என்றால் இன்னும் மோசம். மூன்று நாள் சிரித்த முகத்தோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, வராந்தாவில் போய் அழுதுவிட்டு வருவார்கள்.

இது நம் ஊர்ப் பழக்கம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். குழந்தைகளுக்கான பாலியேட்டிவ் கேர் சம்பந்தப்பட்ட பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேதி வரிசையில் வைத்துப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அமெரிக்காவின் பெரிய பெரிய மருத்துவமனைகளிலும் அதே கதவு, அதே வராந்தா. ஒரு வித்தியாசம், அவர்கள் அதற்கு ஒரு கோட்பாடும் வைத்திருந்தார்கள். குழந்தைக்கு மரணம் என்றால் என்னவென்றே புரியாது, புரியாததைச் சொல்லி ஏன் பயமுறுத்த வேண்டும் என்பதுதான் அது.

பாலியேட்டிவ் கேர் என்றால் சாகிறவரைக் கையைப் பிடித்து வழியனுப்புவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குணமாகுமா ஆகாதா என்று தெரியாத நிலையிலேயே வலி, மூச்சுத் திணறல், வாந்தி, பயம், குடும்பத்தின் பாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிப்பது. குழந்தைகளுக்கென்று தனி ஹாஸ்பிஸ் 1982-இல்தான் வந்தது, ஆக்ஸ்ஃபோர்டில், ஹெலன் ஹவுஸ் என்ற பெயரில். ஆனால் இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி அதற்கு முப்பது வருடம் முன்பே கிளம்பிவிட்டது. சாகப்போகும் குழந்தைக்கு என்ன தெரியும்? அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

கதை 1948-இல் தொடங்குகிறது. அந்த வருடம் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

முதலாவது, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் எழுதியது. லுக்கிமியா வந்த 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார், 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அந்த மருந்து லெடர்லி ஆய்வுக்கூடத்தில் எல்லாப்ரகடா சுப்பாராவின் தலைமையில் உருவானது. பீமவரத்துக்காரர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே வருடம் ஆகஸ்டில் இறந்துபோனார். (அவரைப் பற்றி எழுதாமல் இந்த வலைப்பூவில் இத்தனை நாள் ஓட்டியதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

அந்த மருந்து யாரையும் குணப்படுத்தவில்லை. நோய் அடங்கும், சில மாதம் கழித்துத் திரும்ப வரும். ஆனால் அதுவரை வாரக் கணக்கில் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு மாதங்கள் கிடைத்தன. அடுத்தடுத்த மருந்துகள் வந்ததும் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நீண்டது. மருத்துவ வரலாற்றில் இதை வெற்றியின் முதல் படி என்று எழுதுவார்கள். சரிதான். ஆனால் அதற்கு இன்னொரு பக்கம் உண்டு. மூன்று வாரத்தில் இறந்துபோகிற குழந்தை எதையும் கற்றுக்கொள்வதில்லை. இரண்டு வருடம் அதே வார்டுக்கும் அதே கிளினிக்குக்கும் வந்து போகிற குழந்தை எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும். எந்த மருந்துக்கு முடி கொட்டும், எந்த ஊசி முதுகில் போடுவது, எந்த நர்ஸ் பொய் சொல்வார், போன தடவை பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் இந்தத் தடவை ஏன் இல்லை எல்லாம் தெரியும். மருந்து குழந்தைக்குக் காலத்தைக் கொடுத்தது. அந்தக் காலத்தில்தான் அது தன் நிலைமையைத் தெரிந்துகொண்டது.

இரண்டாவது கட்டுரை மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர் எழுதியது. புடாபெஸ்ட்டில் 3 வயது முதல் 10 வயது வரையிலான 378 குழந்தைகளைப் பேசவைத்து, வரையவைத்து, எழுதவைத்து மரணத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்தார். ஐந்து வயதுக்குக் கீழே, செத்தவர் எங்கோ போயிருக்கிறார், திரும்பி வரலாம். ஐந்திலிருந்து ஒன்பது வரை, மரணம் என்பது ஓர் ஆள், வந்து பிடித்துக்கொண்டு போவான். ஒன்பதுக்கு மேல்தான் எல்லோரும் ஒருநாள் சாவோம், நானும் சாவேன் என்ற புரிதல். அழகான ஆய்வு. அது ஆரோக்கியமான குழந்தைகளைப் பற்றியது. அதைத் தூக்கிக்கொண்டு போய் லுக்கிமியா வார்டில் பொருத்தியவர்கள் மற்றவர்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் புரியாது, ஆகவே சொல்ல வேண்டாம் என்ற முடிவுக்கு ஒரு வயதுப் பட்டியல் வசதியாகக் கிடைத்துவிட்டது.

1955-இல் ரிச்மண்ட், வைஸ்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் புற்றுநோய் வந்த குழந்தைகளைக் கவனித்து எழுதியதில், குழந்தைகள் மரணத்தைப் பற்றி அநேகமாகக் கேட்பதே இல்லை, அமைதியாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று வருகிறது. 1960-இல் கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில் நேட்டர்சன், நட்சன் இருவரும் 33 குழந்தைகளைக் கவனித்துவிட்டு, சின்னஞ்சிறுசுகளுக்கு அம்மாவைப் பிரிகிற பயம், கொஞ்சம் பெரியவர்களுக்கு உடம்பைக் கீறுவார்கள் என்ற பயம், பத்துக்கு மேல்தான் மரண பயம் என்று பிரித்தார்கள். யாரும் குழந்தையிடம் நேராகக் கேட்கவில்லை. குழந்தை கேட்கவில்லை என்பதால் அதற்குக் கவலை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். பாத்திரம் உடைத்துவிட்டு ரொம்ப சமத்தாக மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்த எந்த அம்மாவும் இந்த முடிவை ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் ஆய்விதழ்கள் ஒத்துக்கொண்டன.

பெத்தெஸ்டாவில் இருக்கும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 1960களின் தொடக்கத்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப்பட்டது. லுக்கிமியா குழந்தைகளின் பெற்றோர் 46 பேரை ஒரு குழு தொடர்ந்து கவனித்தது. பேட்டி எடுத்தது. மன அழுத்த ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க அவர்களுடைய சிறுநீரைக்கூடச் சேகரித்து அளந்தது. பிள்ளை சாவதற்கு முன்பே துக்கம் தொடங்கிவிடுகிறது என்பது போன்ற நல்ல கவனிப்புகள் அதில் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். அப்பா அம்மாவின் மூத்திரம் வரைக்கும் போனவர்கள், கட்டிலில் படுத்திருந்த பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே நிறுவனத்தில்தான் மறுப்பும் வந்தது. ஜோயல் வெர்னிக், மைரன் கேரன் இருவரும் 9 முதல் 20 வயது வரையிலான 51 பேரிடம் நோயின் பெயரைச் சொல்லி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் முறையை வார்டில் நடத்திப் பார்த்தார்கள். 1965-இல் எழுதினார்கள். லுக்கிமியா வார்டில் சாவுக்கு யார் பயப்படுகிறார்கள் என்பதுதான் கட்டுரையின் தலைப்பு. பெரியவர்கள்தான் என்று பதிலையும் மறைக்காமல் சொன்னார்கள். ஆனால் இது ஒன்பது வயதுக்கு மேல். சின்னப் பிள்ளைகள்?

அங்கே உள்ளே நுழைந்தவர் ஒரு நர்ஸ், யூஜீனியா வெய்க்டர். அவர் செய்தது ரொம்ப எளிய காரியம். 6 முதல் 10 வயது வரையிலான 64 குழந்தைகளுக்குப் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். நான்கு குழு: உயிருக்கு ஆபத்தான நோய் உள்ளவர்கள் 16 பேர், நாட்பட்ட நோய் உள்ளவர்கள், சின்ன நோய்க்கு வந்தவர்கள், பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஆரோக்கியமான பிள்ளைகள். கொடிய நோய் உள்ள பிள்ளைகளின் கதைகளில் சாவும் தனிமையும் வந்துகொண்டே இருந்தன. பதற்றத்தின் அளவு மருத்துவமனையில் இருந்த மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு. அந்த 16 பேரில் தங்கள் பயத்தைப் பெற்றோரோடு பேசியிருந்தவர்கள் இரண்டே பேர். 1971-இல் இது வெளிவந்தது. பிள்ளை கேட்கவில்லை, ஆகவே கவலை இல்லை என்ற சூத்திரம் அதோடு உடைந்திருக்க வேண்டும்.

மூன்று வருடம் கழித்து ஜான் ஸ்பினெட்டா இன்னொரு வழியில் போனார். மருத்துவமனை அறையைப் போலவே ஒரு சின்ன மாதிரி செய்து, நர்ஸ், டாக்டர், அம்மா, அப்பா பொம்மைகளைக் கொடுத்து, இவர்களை எங்கே நிற்கவைப்பாய் என்று பிள்ளைகளிடம் விட்டார். லுக்கிமியா உள்ள பிள்ளைகள் அந்தப் பொம்மைகளைக் கட்டிலிலிருந்து தள்ளி வைத்தார்கள், நாட்பட்ட நோய் உள்ள பிள்ளைகள் வைத்ததைவிடத் தூரமாக. மறுபடி மறுபடி அட்மிட் ஆக ஆக அந்தத் தூரம் கூடியது. அம்மா பொம்மையும் அதில் சேர்த்தி. இந்த ஆய்வில் கூட்டாளி யாரென்று பார்த்தால் அதே மைரன் கேரன்.

இப்போது முக்கியமானவருக்கு வருகிறேன். மைரா புளூபாண்ட்-லாங்னர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, உளவியலாளரும் இல்லை. மானுடவியல் ஆராய்ச்சி மாணவி. மானுடவியலாளர்கள் தீவுக்கும் மலைக்கும் போய் ஒரு சமூகத்தோடு உட்காருவார்கள் இல்லையா, இவர் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் லுக்கிமியா வார்டில் போய் உட்கார்ந்தார். கேள்வித்தாள் இல்லை, பொம்மைப் பெட்டி இல்லை. பிள்ளைகளோடு விளையாடினார், படித்துக் காட்டினார், அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டார். போ என்றால் வெளியே போனார். ஊசி போட வருபவரைப் போ என்று சொல்ல முடியாத பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. 1978-இல் 'தி பிரைவேட் வேர்ல்ட்ஸ் ஆஃப் டையிங் சில்ட்ரன்' என்ற புத்தகமாக வந்தது. அதில் ஒரு பகுதி நாடகமாகவே எழுதப்பட்டிருக்கிறது. வார்டில் யார் யாரிடம் எதைப் பேசுகிறார்கள், எந்த இடத்தில் பேச்சு நின்றுபோகிறது என்பதைக் காட்ட வேறு வடிவம் சரிவராது என்று தோன்றுகிறது.

அவர் கண்டது இது. பிள்ளைகள் ஐந்து கட்டமாகக் கற்றுக்கொள்கிறார்கள். முதலில், தனக்கு வந்திருப்பது பெரிய வியாதி. அப்புறம் மருந்துகளின் பெயரும் அவை உடம்பை என்ன செய்யும் என்பதும். அப்புறம் ஒவ்வொரு சோதனையும் ஊசியும் எதற்காக. அப்புறம் வியாதி அடங்குவதும் திரும்ப வருவதுமாகவே போகும் என்பது. கடைசியில், இந்தச் சுற்றுக்கு ஒரு முடிவு உண்டு, அது சாவு. தன்னைப் பற்றிய நினைப்பும் கூடவே மாறும். எனக்கு உடம்பு சரியில்லை, சரியாகிவிடும் என்பது, எனக்கு எப்போதும் இப்படித்தான் என்றாகி, நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் வந்து நிற்கும். அந்தக் கடைசிப் படிக்குப் போக ஒரே ஒரு தகவல் வேண்டும். தன்னைப் போலவே வியாதி உள்ள இன்னொரு பிள்ளை இறந்த செய்தி. அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலியான கட்டில் சொல்லிவிடும்.

வயதுக் கணக்கு இங்கேதான் அடிபட்டுப் போனது. நாலு தடவை நோய் திரும்பிய மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு, இப்போதுதான் முதல் தடவை அடங்கியிருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையைவிட அதிகம் தெரிந்திருந்தது. தெரிந்துகொள்வதற்குத் தேவைப்பட்டது வயது இல்லை, அனுபவம். நாகியின் பட்டியல் புடாபெஸ்ட் பள்ளிக்கூடத்துக்குச் சரி. இந்தப் பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

தெரிந்த பிள்ளை எப்படி நடந்துகொள்ளும் என்றும் எழுதியிருக்கிறார். இறந்த பிள்ளைகளின் பெயரையோ சாமான்களையோ பற்றிப் பேச்செடுக்காது. வரும் வருடம், பெரியவனானால் என்ற பேச்சு நின்றுபோகும். எதுவும் இப்போதே நடக்க வேண்டும் என்ற அவசரம் வரும். நோகாத சின்னச் சோதனைக்குக்கூட ஒத்துழைக்காது. அந்த வார்டில் பிள்ளைகள் அதிகம் விரும்பிக் கேட்ட புத்தகம் 'ஷார்லட்ஸ் வெப்'. ஒரு பன்றிக்குட்டியும் ஒரு சிலந்தியும் நண்பர்களாக இருக்கும் சிறுவர் கதை அது. கடைசிக் கட்டத்துக்கு வந்த பிள்ளைகள் சிலர் அதில் சிலந்தி செத்துப்போகும் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அம்மாவிடம் நான் சாகப் போகிறேனா என்று கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதுதான் அந்தப் புத்தகத்தின் உயிர். பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1965-இல் பெரியவர்களின் வார்டுகளை வைத்து ஒரு நிலையை விவரித்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருப்பார்கள். புளூபாண்ட்-லாங்னர் அதே பாசாங்கைப் பிள்ளைகளிடம் கண்டார். பிள்ளைகள் அதைத் திறமையாக நடத்தினார்கள். பேச்சு ஆபத்தான இடத்துக்குப் போனால் அழுவார்கள், கோபித்துக்கொள்வார்கள், ஏதாவது வேண்டும் என்பார்கள். காரணம் அறியாமை இல்லை. உண்மையைச் சொன்னால் அம்மா அழுதுகொண்டு அறையை விட்டுப் போய்விடுவாள் என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள். காப்பாற்றுகிறவர் என்ற இடம் போய்விட்டால் பெற்றோருக்கு அந்தக் கட்டில் பக்கத்தில் என்ன வேலை? ஆகவே பெற்றோரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஐந்து வயதுப் பிள்ளை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நடித்தது. நாம் பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். பிள்ளை நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்தவுடன், அப்படியானால் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். பலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. எதை, எப்போது, யார் சொல்வது என்பதே கேள்வி, அதைப் பிள்ளைதான் காட்டும் என்றார். பிள்ளை ஒருவரிடம் உடைத்துப் பேசும், இன்னொருவரிடம் பாசாங்கைத் தொடரும், இரண்டும் அதற்கு வேண்டியிருக்கலாம். இந்த இடத்தில் நான் முழுக்க அவர் பக்கம். பாசாங்கைக் கட்டிக் காப்பதும் சரி, இழுத்துப் போட்டு உடைப்பதும் சரி, இரண்டிலும் முடிவெடுப்பது பெரியவர்கள்தான்.

பிறகு வந்த எண்கள் இதை உறுதிப்படுத்தின. 2004-இல் ஸ்வீடனில் உல்ரிகா க்ரைக்பெர்க்ஸும் கூட்டாளிகளும் 1992 முதல் 1997 வரை புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் கேட்டார்கள். 449 பேர் பதில் அனுப்பினார்கள். பிள்ளையோடு மரணத்தைப் பற்றிப் பேசியவர்கள் 147 பேர், அவர்களில் ஒருவர்கூட ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். அதைவிட எனக்கு உறைத்த எண் இன்னொன்று. பேசாதவர்களில், தன் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதே உணர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு வருத்தம். அப்படி உணராதவர்களில் 13 சதவீதம். பேசாதவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு பேர் வருந்தவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்த ஆய்வைக் காட்டிப் பெற்றோரை மிரட்டுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

பெற்றோரும் ஒரு கதவுக்கு வெளியேதான் நின்றார்கள். 2000-இல் ஜோன் வுல்ஃபின் குழு பாஸ்டனில் கண்டது: இனி குணமாக வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் உணர்ந்தது மரணத்துக்குச் சராசரியாக 206 நாள் முன்பு. பெற்றோர் உணர்ந்தது 106 நாள் முன்பு. அந்த நூறு நாளும் ஒரே அறையில், ஒரே பிள்ளையைப் பார்த்தபடி கழிந்தவை. பிள்ளைக்கு எத்தனை நாள் முன்பு தெரிந்தது என்பது அந்தக் கணக்கில் இல்லை, கேட்டது பெற்றோரிடமும் மருத்துவரிடமும்தான். இறந்தபின் பெற்றோரைக் கேட்பது சுலபம். உயிரோடு இருக்கும் பிள்ளையைக் கேட்க எதிக்ஸ் கமிட்டி, மருத்துவர், பெற்றோர் என்று மூன்று வாசலைத் தாண்ட வேண்டும், மூன்றிலும் அன்பான காரணங்களோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

தாண்டியவர்களில் ஒருவர் பமீலா ஹைண்ட்ஸ். 2005-இல் வெளியான ஆய்வில், மெம்ஃபிஸிலும் சிட்னியிலும் 10 முதல் 20 வயது வரையிலான 20 நோயாளிகளிடம், வாழ்நாளின் கடைசி முடிவுகளில் ஒன்றை எடுத்த கையோடு கேட்டார்கள். 18 பேர் தங்கள் முன் இருந்த எல்லா வழிகளையும் சரியாகச் சொன்னார்கள், எடுத்த முடிவின் விளைவாகத் தாங்கள் இறப்போம் என்பதையும் சொன்னார்கள். ஏன் அந்த முடிவு என்று கேட்டதற்கு அதிகம் வந்த காரணம் மற்றவர்களைப் பற்றிய அக்கறை.

புளூபாண்ட்-லாங்னர் பிற்காலத்தில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் குழந்தைகளுக்கான பாலியேட்டிவ் கேர் பேராசிரியரானார். அதற்குள் லுக்கிமியாவே மாறிவிட்டது. வசதியுள்ள நாடுகளில் இன்று மிகப் பெரும்பான்மையான பிள்ளைகள் குணமாகிவிடுகிறார்கள். அங்கே பாலியேட்டிவ் கேருக்கு வருபவர்களில் பெரும்பகுதி பிறவிக் கோளாறும் நரம்பு மண்டலச் சிதைவும் உள்ளவர்கள், நிறையப் பேர் பேச முடியாதவர்கள். 'போ' என்று சொல்லவும் முடியாத பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் ஆராய்ச்சியாளர் என்ன செய்வார் என்பதை அடுத்த பதிவில் எழுதப் பார்க்கிறேன்.